நேர் ஆழம்

எஃபூருன், வார்ரி
27 ஜனவரி 1991, ஞாயிறு

ஒனோ,

நாளைக் காலை எண்ணெய் ரிக்குக்குச் சாமான் படகு போகிறது. அதில் போகும் ரிக் சமையல்காரர் கையில் இதைக் கொடுத்துவிடுவேன்.

தெஜிரிக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து காய்ச்சல். மலேரியாதான். நேற்று நூற்றிமூன்று வரை போயிற்று. ஈரத்துணி போட்டு, மருந்து கொடுத்து, இப்போது நூற்றியொன்றில் நிற்கிறது. மருந்து கசக்கிறது என்று என் கையைக் கடித்துவிட்டாள். கட்டை விரலுக்குக் கீழே நான்கு பல் தடம். "கடிக்கிற தெம்பு இருக்கே, அப்புறம் என்னடி பயம்?" என்று அடுத்த வீட்டு எஸ்தர் அக்கா என்னைத்தான் திட்டினார்.

ஆமைக்கு முதுகு ஓடு எப்படி உடைந்தது என்ற கதையைச் சொன்னேன். "தப்பு. அப்பா சொல்றப்போ ஆமை பாட்டு பாடும்" என்று அழுதாள். என்ன பாட்டு? எழுதி அனுப்பு. எனக்குக் கதை சொல்ல வராது என்பது உனக்கே தெரியும்.

வியாழக்கிழமை என் முறை. காலைப் படகில் நான் வருவேன், அதே படகில் நீ திரும்புவாய். பதினான்கு நாள் நீ கிணற்றுக்கு ஊற்றுகிற சேற்றைப் பார்க்கிறாய், நான் பிள்ளையைப் பார்க்கிறேன். அடுத்த பதினான்கு நாள் நான் சேற்றை, நீ பிள்ளையை. அவளுக்கு எப்போதும் நம்மில் ஒருவர் இருக்க வேண்டும் என்று நாமே கேட்டு வாங்கிய ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. நான்கு வருடமாக நம் குடித்தனம் ரிக்கின் படிக்கட்டில் பத்து நிமிடம் நடக்கிறது. அதுவும் பழகிவிட்டது. காய்ச்சல் வரும்போது மட்டும் இரண்டு பேரும் வேண்டும்போல் இருக்கிறது.

வாயு அடைந்து கிடக்கிற அந்த ஆழமான மணல் அடுக்கு என் முறையில் வரும் என்று நினைக்கிறேன். அதற்கான சேற்று எடைக் கணக்கைப் போட்டு இழுப்பறையில் வைத்துவிடு.

தாரிலா

*

ரிக், சேற்று ஆய்வறை
31 ஜனவரி, வியாழன்

தாரிலா, என் கண்ணே,

இதை நீ இழுப்பறையைத் திறந்து படிக்கும்போது நான் பாதி ஆற்றைக் கடந்திருப்பேன். படிக்கட்டில் நின்று எதைத்தான் பேச முடிகிறது? போன முறை நம் ஓகா, மேலாளர் இகோடாரோ கத்தியது ஞாபகம் இருக்கிறதா? "முத்தம் குடுக்கறதுன்னா சட்டுன்னு குடுங்கய்யா, படகுக்காரன் டீசல் எரிக்கிறான்!" ஐம்பது பேர் சிரித்தார்கள். எனக்கு வெட்கமே இல்லை, உனக்குத்தான் காது சிவந்தது.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நூற்றிமூன்று என்று படித்த பிறகு வேறு எந்த எண்ணும் மண்டையில் நிற்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் நூற்றிமூன்று. சேற்றைத் தராசில் வைத்தால் நூற்றிமூன்று. ரேடியோக்காரனைக் கெஞ்சி ஆபீசில் விசாரிக்கச் சொன்னேன். புதன்கிழமைதான் பதில் வந்தது, பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள் என்று. அப்புறம்தான் ஒரு வாய் சோறு சாப்பிட்டேன்.

ஆமையின் பாட்டு இதுதான்: "மெல்ல இறக்கு மேகமே, மேலே ஓடு கனமடி, உள்ளே நானோ பஞ்சடி." மெட்டு எதுவும் கிடையாது, மூக்கால் பாடினால் போதும். இனி தேவைப்படாது, நான்தான் வந்துவிட்டேனே.

இனி வேலை. கணக்குத் தாள் இதன் கீழே இருக்கிறது. மணலில் சதுர அங்குலத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு பவுண்டு அழுத்தம் எதிர்பார்க்கிறார்கள். சேறு கேலனுக்குப் பதினொன்று புள்ளி இரண்டு பவுண்டு இருந்தால் தாங்கும், பத்திரத்துக்கு வைக்கிற உபரியும் அதிலேயே இருக்கிறது. இப்போது பத்து புள்ளி ஆறு ஓடுகிறது, மணலைத் தொடுவதற்குள் ஏற்றிவிடு. பன்னிரண்டு புள்ளி ஒன்பதைத் தாண்டிவிடாதே, மேலே இருக்கிற பாறையில் விரிசல் விட்டுவிடும். புது ஆட்களுக்கு, சேற்றுத் தொட்டி பார்க்கிற நம் எட்டிம் சொல்கிற மாதிரி: "சேறு லேசா இருந்தா கெணறு நம்மளைத் துப்பும். கனமா இருந்தா கெணறு சேத்தைக் குடிச்சிரும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கத்தான் நமக்குச் சம்பளம்."

எட்டிம் உன் முறையில் முழுக்க இருக்கிறார். சேற்றைக் கனமாக்கப் பேரைட் பவுடர் கலக்குவதில் அவர் கையை மிஞ்ச ஆள் இல்லை, கவலைப்படாதே.

உன்
ஒனோரியோடே

*

ரிக்
4 பிப்ரவரி, திங்கள்

ஒனோ,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது.

உன்மேல் சந்தேகப்பட்டு நான் சோதிக்கவில்லை. வேறொருவர் போட்ட எண்ணை நானும் ஒரு முறை போட்டுப் பார்க்காமல் தொடுவதில்லை, கல்லூரியிலிருந்தே என் வழக்கம் அது. சனிக்கிழமை போட்டேன். எனக்குப் பன்னிரண்டு புள்ளி ஒன்று வந்தது. நான்தான் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். மூன்றாவது முறையும் அதே எண்தான்.

நம் கிணறு சாய்ந்து போகிறது. மணல் அடுக்குக்கு நேர் மேலே மீனவர்களின் குடியிருப்பு இருப்பதால் இங்கே நின்றுகொண்டு சாய்த்துத் துளைக்கிறோம். மணல் வரை கிணற்றின் நீளம் ஒன்பதாயிரத்து எண்ணூறு அடி. ஆனால் நேர் ஆழம் ஒன்பதாயிரத்து ஐம்பதுதான். சேறு நேர் ஆழத்துக்குத்தான் அழுத்தும். சாய்ந்து கிடக்கிற நீளம் அதற்குக் கணக்கில்லை. இது உனக்குத் தெரியாததா? தாளில் இரண்டு பத்தியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நீ நீளத்தை எடுத்துவிட்டாய். கிணறு உண்மையில் இருப்பதைவிட ஆழம் என்று எண்ணிச் சேற்றை லேசாக வைத்துவிட்டாய். உன் பதினொன்று புள்ளி இரண்டோடு போயிருந்தால் மணலின் எதிரே இருநூற்று இருபத்தொன்பது பவுண்டு குறைந்திருக்கும்.

மணலுக்கு இன்னும் ஐந்நூறு அடி இருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. துளைப்பதை நிறுத்தி, சேற்றின் எடையை ஏற்றச் சொல்லிவிட்டேன்.

சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று. எடையை ஏன் ஏற்றினேன் என்று பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். எழுதினேன், உள்ளது உள்ளபடி. உன் பெயர் அதில் இருக்கிறது. முதலில் உன்னிடம் சொல்லத்தான் ஆசைப்பட்டேன். ரேடியோவில் பேசினால் வார்ரி முழுக்கக் கேட்கும், படகு இன்றுதான் வருகிறது.

தாளின் மூலையில் நீ போட்ட தேதியைப் பார்த்தேன். ஜனவரி 28. என் கடிதம் உனக்குக் கிடைத்த நாள்.

தாரிலா

*

எஃபூருன்
8 பிப்ரவரி, வெள்ளி

மதிப்பிற்குரிய சேற்றுப் பொறியாளர் அவர்களுக்கு,

தங்கள் நான்காம் தேதிக் கடிதம் செவ்வாய் மாலை கிடைத்தது. அதற்கு முன்பே, அன்று காலையிலேயே, ஆபீசிலிருந்து ஓர் ஆணையோடு ஆள் வந்துவிட்டான். அந்த ஆணையின்படி விசாரணை முடியும்வரை எனக்கு வேலை கிடையாது. தங்கள் பதிவேட்டின் நகலையும் இணைத்திருந்தார்கள். தங்கள் கையெழுத்து வழக்கம்போல் மிக அழகாக இருக்கிறது.

நான் அப்போது தெஜிரிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பாதிப் பின்னலோடு வாசலில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கினேன். "சார், வீட்டம்மாவே எழுதிட்டாங்களாமே?" என்று கேட்டான் அவன். கேலியாகக்கூடக் கேட்கவில்லை. பரிதாபமாகக் கேட்டான். கேலியாகக் கேட்டிருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன்.

சேற்றை ஏற்றியதை நான் குறை சொல்லவில்லை. தாங்கள் செய்ய வேண்டியதைத்தான் செய்தீர்கள். ஆனால் ஏற்றிவிட்டு, பேசாமல் இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? பதினொரு வருடம் இந்த வேலை செய்கிறேன். ஒரு பத்தியைப் பார்க்க வேண்டிய இடத்தில் இன்னொன்றைப் பார்த்துவிட்டேன். அந்த நாள் என்ன நாள் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் தாங்கள்தான். தாங்களே எழுதினீர்கள்.

தங்களுக்கு மாற்றாக வர இப்போது ஆள் இல்லை என்றார்கள். பதினான்காம் தேதி தாங்கள் இறங்க முடியாது. குழந்தை நலம்.

ஒ. எஃபெமுவாயே

*

ரிக்
11 பிப்ரவரி, திங்கள்

தெஜிரி அப்பா,

நீ தாங்கள் என்று எழுதினால் நானும் தாங்கள் என்று எழுதலாம். எனக்கு வரவில்லை. உன்னை நீ என்றே திட்டி, நீ என்றே கெஞ்சிப் பழகிவிட்டேன்.

ஆபீஸ் ஆள் என் கடிதத்துக்கு முன்னால் வந்ததற்கு மன்னித்துக்கொள். பாதிப் பின்னலோடு அவள் நின்றிருந்ததை நான் பார்க்காவிட்டாலும் பார்க்கிறேன்.

ஆனால் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். என்ன நடந்தது என்று மட்டும் கேள்.

ஞாயிறன்று இகோடாரோ தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நான் இன்னும் பதிவேட்டில் எழுதவில்லை. "இந்தாம்மா, அடியில அழுத்தம் எதிர்பார்த்ததைவிட ஜாஸ்தின்னு எழுது. பூமி செஞ்ச தப்பு. பூமிக்கு யாரு மெமோ குடுக்கப் போறா?" என்றார்.

"அப்படி ஜாஸ்தி இல்லையே, ஓகா."

"தெரியும்மா. உன் புருஷன்மா அவன். நல்ல பையன். எனக்கும் வேணும் அவன்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உன்மேல் இருக்கிற பிரியத்தில் சொன்னார். பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தார். நான் எழுதியிருப்பேன், ஒனோ. பேனா தாளில் பட்டுவிட்டது. 'அழுத்தம்' என்ற சொல்லை எழுதியும்விட்டேன்.

அப்போதுதான் அடுத்த கிணறு நினைவுக்கு வந்தது. இதே மணலுக்கு மேற்கே இன்னும் மூன்று கிணறு தோண்டப் போகிறார்கள். அந்தக் கணக்கை யார் போட்டாலும் முதலில் நம் பதிவேட்டைத்தான் பிரிப்பார்கள். இந்த மணலில் அழுத்தம் அதிகம் என்று நான் எழுதியிருந்தால் அதை நம்பிச் சேற்றைக் கனமாக்குவார்கள். பாறையில் விரிசல் விடும். சேறு மொத்தமும் விரிசலுக்குள் போகும். கிணற்றில் சேற்றின் மட்டம் இறங்கினால் அப்புறம் வாயுதான் மேலே வரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒரு பொய் எண்ணை நம்பி அங்கே நாற்பது, ஐம்பது பேர் நிற்பார்கள்.

"அடுத்த கெணத்துல கணக்குப் போடுறவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பா, ஓகா" என்றேன்.

அவர் கதவைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு என்னிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. சேற்றை ஏற்றப் பேரைட் மூட்டை போதவில்லை, அடுத்த படகு வரும்வரை எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். அதற்கும் நான்தான் காரணம் என்று சாப்பாட்டு மேசையில் முணுமுணுக்கிறார்கள். எட்டிம் மட்டும் என் பக்கத்தில் தட்டை வைத்து உட்கார்கிறார்.

அன்றைக்கு நீ எப்படி இருந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தை எழுதியவள் நான். நூற்றிமூன்றை உன்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நாளைக்குப் பத்து முறை நினைக்கிறேன். ஆனால் சொல்லாமல் இருந்திருந்தால், 'ஏன் சொல்லல?' என்று நீ வாழ்நாள் முழுக்கக் கேட்டிருப்பாய்.

தாரிலா

*

எஃபூருன்
15 பிப்ரவரி, வெள்ளி

தெஜிரிக்கு முதல் பல் விழுந்தது. கீழ் வரிசை, இடது பக்கம். மக்காச்சோளம் கடிக்கும்போது. அழவில்லை. உனக்குக் காட்ட வேண்டும் என்று சொன்னதால் பல்லை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒ.

*

ரிக்
18 பிப்ரவரி, திங்கள்

ஒனோ,

பல் பத்திரமாக வந்து சேர்ந்தது. என் கையைக் கடித்த பல் இதுதானா என்று தடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தடம் மறைந்துவிட்டது. ரொம்ப நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். எட்டிம் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், கெணத்துலேர்ந்து முத்து வந்துச்சா?" என்றார். காட்டினேன். அவருக்கு ஐந்து பிள்ளைகள். ஒரு பல்கூட விழும்போது அவர் வீட்டில் இருந்ததில்லையாம்.

உன் நான்கு வரியை நான்கு பக்கமாக நினைத்துப் படித்தேன். 'உனக்கு' என்று எழுதியிருக்கிறாய். தெரிந்து எழுதினாயோ, தெரியாமல் வந்துவிட்டதோ. இரண்டானாலும் வைத்துக்கொள்கிறேன்.

மூட்டைகள் வந்துவிட்டன. சேறு பன்னிரண்டு புள்ளி ஒன்றுக்கு வந்துவிட்டது. நடுவில் குழாய் சிக்கி மூன்று நாள் போயிற்று. வியாழக்கிழமை மணலைத் தொடுவோம். ஒவ்வொரு அரை மணிக்கும் நானே தராசைக் கழுவிச் சேற்றை நிறுக்கிறேன். எண்ணில் எனக்குச் சந்தேகம் இல்லை. அழுத்தம் ஐயாயிரத்து ஐந்நூறு என்று நம்மிடம் சொன்னவர்களின் எண்ணில்தான் சந்தேகம். பூமிக்குள் இறங்கிப் பார்த்தவர் யார்?

பயமாக இருக்கிறது. இதை எழுத வேறு யாரும் இல்லை, அதனால் என்னோடு பேசாத உனக்கே எழுதுகிறேன். அவளுக்கு அந்த நீல கவுன் சின்னதாகிவிட்டது, எஸ்தர் அக்கா மகளுக்குக் கொடுத்துவிடு.

தாரிலா

*

படகுத்துறை, வார்ரி
21 பிப்ரவரி, வியாழன், மதியம்

தாரிலா,

இந்தத் தாள் தெஜிரியின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்தது. நானும் அவளும் படகுத்துறையில் ஒரு கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்திருக்கிறோம்.

பதினொரு மணிக்கு மார்க்கெட்டில் மீன்காரி ஒருத்தி சொன்னாள், "கழிமுகத்துல ஒரு ரிக்குல தீ தெரியுதாம், கெணறு பொங்கிடுச்சாம்" என்று. எந்த ரிக் என்று அவளுக்குத் தெரியவில்லை. கையில் இருந்த வாழைத்தாரை அங்கேயே போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி இவளைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். சஸ்பெண்டு ஆனவனை உள்ளே விடவில்லை. காவல்காரர் கேட்டுக்கு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார். உள்ளே போன் மட்டும் அடிச்சுக்கிட்டே இருக்கு" என்றார்.

ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று இவள் கேட்டாள். அம்மாவின் படகுக்கு என்றேன். "இன்னிக்கு அம்மா முறை இல்லையே" என்றாள். கணக்கில் உன்னைக் கொண்டிருக்கிறாள்.

சும்மா உட்கார முடியவில்லை. இந்த நோட்டில் அந்தக் கணக்கைப் போட்டேன். இரண்டு வாரமாக உன் கடிதம் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, தாரிலா. எல்லாம் செய்தேன். கோபப்பட்டேன், எஸ்தர் அக்காவிடம் புலம்பினேன், உன் படத்தைத் திருப்பி வைத்தேன், மறுபடி நேராக வைத்தேன். கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. போட்டால் நீ சொன்னது சரி என்று ஆகிவிடும்.

போட்டுவிட்டேன். இருநூற்று இருபத்தொன்பது. ஒரு பவுண்டுகூட வித்தியாசம் இல்லை.

என் எண்ணோடு அந்த மணலுக்குள் போயிருந்தால், முதலில் தொட்டியருகே நிற்பவர் எட்டிம். அடுத்து நீ. உன்னை நான் என் கையாலேயே அங்கே நிறுத்தியிருப்பேன். 'கவலைப்படாதே' என்று வேறு எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

நீ எழுதியது சரி. எழுதாமல் விட்டிருந்தால்தான் தப்பு. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு நீ இருக்க வேண்டும். உன் எண் சரி என்று எனக்குத் தெரியும். பூமியின் எண் எனக்குத் தெரியவில்லை. நீ இருக்கிறாயா?

இரண்டு மணிக்கு ஒரு படகு அங்கே போகிறதாம். அதில் கொடுத்துவிடுகிறேன். யார் வாங்குவார்கள் என்று தெரியாது. நீயே வாங்கிக்கொள்.

ஒனோ

*

ரிக்
21 பிப்ரவரி, மாலை

ஒனோ,

நானேதான் வாங்கினேன். இருக்கிறேன். எல்லாரும் இருக்கிறோம். அதை முதலில் படித்துவிட்டு உட்கார்ந்துகொள், மிச்சத்தைச் சொல்கிறேன்.

காலை ஒன்பதே முக்காலுக்கு மணலில் நாற்பது அடி போயிருந்தோம். அடுத்த குழாயை மாட்டுவதற்காகப் பம்பை நிறுத்தி, உள்ளே இருக்கிற குழாயை மேலே இழுத்தார்கள். கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டார்கள். இழுத்த இழுப்பில் கீழேயிருந்து வாயு உறிஞ்சப்பட்டுக் கிணற்றுக்குள் வந்து, சேற்றை மேலே தள்ளிவிட்டது. எட்டிம் தொட்டியிலிருந்து கத்தினார்: "மேடம்! பம்ப் நிக்குது, தொட்டி ஏறுது! தொட்டி ஏறுது மேடம்!"

கிணற்றின் வாயை மூடினார்கள். அப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை, குழாய் உச்சியில் இருக்கிற அழுத்த மானியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முள் ஏறினால் சேறு போதவில்லை என்று அர்த்தம். பத்து நிமிடம் பார்த்தோம். நான், இகோடாரோ, எட்டிம், பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர்.

முள் சுழியத்தில் நின்றது.

இகோடாரோ நம்பவில்லை. மானியின் கண்ணாடியை விரலால் தட்டினார். "என்னய்யா இது, கெட்டுப்போச்சா?"

"கெடல ஓகா" என்றார் எட்டிம். "மேடம் போட்ட எடை நிக்குது."

உள்ளே வந்த வாயுவை மட்டும் மெல்லச் சுற்றி வெளியேற்றி எரித்தோம். மீன்காரி சொன்ன தீ அதுதான். நாலு மணி நேரம் ஆயிற்று. முடிந்தபோது நாற்பத்தெட்டுப் பேரும் வரிசையில் நின்று செம்பனைப் பழத்து பாங்கா சூப்பும் மரவள்ளி ஸ்டார்ச்சுக் களியும் வாங்கிக்கொண்டு, மீன் துண்டு சின்னது என்று சமையல்காரரோடு சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையைக் கேட்டதும் பேரைட் மூட்டைகள்மேல் உட்கார்ந்து அழுதேன். இகோடாரோ பக்கத்தில் வந்து நின்றார். "பதிவேட்டுல அந்த எழுத்து அப்படியே இருக்கட்டும்மா" என்றார். போகும்போது திரும்பி, "உன் புருஷனையும் நான் கைவிட மாட்டேன், சொல்லிடு" என்றார்.

முள் சுழியத்தில் நின்றபோது நான் உன்னை நினைத்தேன். பழைய எண்ணாக இருந்திருந்தால் என்று வேறொரு தாளில் உனக்கு ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அப்போதுதான் படகுக்காரன் இந்தக் கணக்கு நோட்டுத் தாளைக் கொண்டுவந்தான். நீயே போட்டுவிட்டாய். தாளின் பின்பக்கம் 7+5=11 என்று இருக்கிறது. அதையும் திருத்திவிடு.

படகு திரும்புகிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போ, ஒனோ. இரண்டு பேரும் ஏதாவது சாப்பிடுங்கள்.

உன் தாரிலா

*

எஃபூருன்
10 மார்ச், ஞாயிறு

தாரிலா,

புதன்கிழமை விசாரணை முடிந்தது. நாளைக்குச் சாமான் படகு என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் உட்கார்ந்தவர் நல்ல மனிதர், எனக்கு வழி விடப் பார்த்தார். "அன்னைக்குக் குழந்தைக்கு உடம்பு சரியில்லையாமே?" என்றார். இகோடாரோ சொல்லியிருக்கிறார்.

"ஆமாம் சார். காய்ச்சல் குழந்தைக்கு. கணக்குப் போட்டது நான்" என்றேன்.

பிழை எப்படி நடந்தது என்று நானே கரும்பலகையில் வரைந்து காட்டினேன். சாய்ந்த கோடு ஒன்று, நேர்க்கோடு ஒன்று. என் விரல் எந்தப் பத்தியில் போனது, எந்தப் பத்தியில் போயிருக்க வேண்டும். அப்புறம் ஒன்று கேட்டேன். இனி எந்த எடைக் கணக்கும் ஒருவர் கையெழுத்தோடு கிணற்றுக்குப் போகக் கூடாது, இரண்டாவது ஆள் தனியாகப் போட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று. "உங்க வீட்டம்மா அதைக் கேக்காமலே செஞ்சிருக்காங்க" என்றார் அவர். "எல்லாருக்கும் அப்படி ஒரு ஆள் வாய்க்காது சார், அதனாலதான் விதியாக் கேக்கிறேன்" என்றேன். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். எழுதியும் கொண்டார்கள்.

தீர்ப்பு இது. ஒரு படி பதவி இறக்கம். ஒரு வருடம் ரிக்குக்குப் போகக் கூடாது. வார்ரி கிடங்கில் சேறு கலக்குகிற இடத்தில் வேலை, காலை ஏழு முதல் மாலை நான்கு வரை. தண்டனை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோதுதான் புரிந்தது: மாலை நான்கு மணிக்கு மேல் நான் வீட்டில் இருப்பேன். தினமும். அதை யாரிடமும் சொல்லவில்லை, தண்டனையை மாற்றிவிடப் போகிறார்கள்.

வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பதினொரு வருடம். கிடங்கில் என்னோடு படித்தவன் எனக்கு மேலதிகாரி. முதல் நாள் அவன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். இரண்டாம் நாள் ஒரு கலவைக்கு அடர்த்தி கேட்டான். சொன்னேன், "நீயும் ஒரு தடவை போட்டுப் பாரு" என்றும் சொன்னேன். போட்டான். இரண்டும் ஒன்றாக வந்தது. அதற்குப் பிறகு முகம் பார்த்துப் பேசுகிறான்.

நீ பதினான்காம் தேதி இறங்குகிறாய் என்று ஆபீசில் உறுதியாகச் சொன்னார்கள். கிணறு முடிந்துவிட்டதால் மூன்று வாரத்துக்கு உனக்கு வேலை இல்லை. ஆறு வாரம் அங்கே கிடந்திருக்கிறாய். தெஜிரி துறைக்கு வருவேன் என்று குதிக்கிறாள். இரண்டாவது பல்லும் ஆடுகிறது. நீ வரும்வரை அதைத் தொடக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். மென்மையான பண்டமாகவே கொடுக்கிறேன்.

நேற்று வீட்டைப் பெருக்கி, படுக்கையை உதறிப் போட்டேன். போடும்போது ஒன்று உறைத்தது, அப்படியே நின்றுவிட்டேன். கல்யாணமான புதிதில் நமக்கு ஒற்றைக் கட்டில், அதில் பக்கம் என்று ஒன்று கிடையாது. இந்தப் பெரிய கட்டிலை வாங்கிய பிறகு நீயும் நானும் ஒரு நாள்கூட இதில் சேர்ந்து படுத்ததில்லை. நீ போனால் நான், நான் போனால் நீ. இதில் நீ எந்தப் பக்கம் படுப்பாய் என்று எனக்குத் தெரியாது, தாரிலா. தலையணை இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். எந்தப் பக்கம்?

உன்
ஒனோ

*

ரிக்
11 மார்ச், திங்கள்

ஒனோ,

சுவரோரம்.

நீயும் சுவரோரம்தான் என்று தெஜிரி எப்போதோ சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை வருகிறேன், பார்த்துக்கொள்வோம்.

தாரிலா